ஜாடிக்குள் ஒரு வேலை

“எல்லாம் சரிம்மா. ஸ்கூல் விட்டா பிள்ளையை யாரு கூட்டிட்டு வருவா?”

வேலை கேட்டுப் போன துணிக்கடையில் மேலாளர் கேட்டார். அவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. “நான்தான் சார்” என்றாள் தையல்காரி. உண்மை சொன்னால் வேலை கிடைக்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இப்படிப் போன இடமெல்லாம் கையை விரித்த பிறகுதான் அவளும் ஜாடி ஐயாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

ஐயாவின் மகிமை அப்போது ஊரெல்லாம் கொடிகட்டிப் பறந்தது. பள்ளிக்கு எதிரே மூடிக் கிடந்த முடிதிருத்தும் கடைதான் அவருடைய சன்னிதானம். சுழல் நாற்காலியில் ஐயா. மடியில் பெரிய பீங்கான் ஜாடி. உப்பைப் போட்டு வைத்திருந்தால் ஒரு வீட்டுக்காவது உதவியிருக்கும். வேண்டிய வேலையை ஜாடிக்குள் குனிந்து ரகசியமாகச் சொல்ல வேண்டும். ஐயா கண்ணை மூடி, தரையைக் காலால் உந்தி, நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுவார். நின்றதும், நீங்கள் கேட்ட வேலையை அவரே சொல்வார்! முன்பு அந்தக் கடையில் முடி மட்டும்தான் வெட்டினார்கள். இப்போது மொட்டை.

காலையில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிய அம்மாக்கள் அப்படியே சாலையைக் கடந்து வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூட வரிசையைவிட அது நேராக இருந்தது.

காணிக்கையோடு ஒரு நிபந்தனையும் உண்டு. “வேலை தானா வரும் மகளே. வேலை இருக்கிற இடத்தை மூணு தடவை சுத்திட்டு வா. வாயைத் திறந்து நேரம் கீரம் கேட்டே, வாக்கு முறிஞ்சுரும்!”

அதனால் ஊரில் புதிய வேடிக்கை ஒன்று தொடங்கியது. பெண்கள் மருந்துக்கடையைச் சுற்றினார்கள், அச்சகத்தைச் சுற்றினார்கள், ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினார்கள். மருந்துக்கடைக்காரர் கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு பெண் இருந்தாள். ஜாடியின் மூடி எப்போதும் அவள் கையில் இருக்கும். அதனால் மூடி அக்கா. மகா அன்பானவள். “என்ன வேலை தேடுற கண்ணு? எத்தனை பிள்ளைங்க?” என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்பாள். பிறகு முந்திப்போய் ஜாடியைத் துடைத்து, ஐயாவின் காதோரம் ‘மந்திரம்’ முணுமுணுத்துவிட்டு வருவாள்.

தையல்காரி கூச்சக்காரி. முதல்நாள் மூடி அக்காவிடம், “சும்மா, பட்டன் தைப்பேன்” என்று மட்டும் சொன்னாள். ஜாடிக்குள்தான் மனதைத் திறந்தாள்: “சலவைக்கடையில கிழிசல் தைச்சுத் துணி திருத்துற வேலை.”

நாற்காலி சுற்றி நின்றது. “பட்டன் தைக்கிற வேலை கேட்டாய் மகளே!”

வரிசை மெய்சிலிர்த்தது. அவளுக்கு மட்டும் பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல் உறுத்தியது. இருந்தாலும் சலவைக்கடையைப் போய்ச் சுற்றினாள். ‘துணி திருத்த ஆள் தேவை’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் சலவைக்காரர் வெளியே வந்தார்.

“என்னம்மா, எதையாச்சும் தொலைச்சுட்டியா?”

இல்லை என்று தலையாட்டினாள். அவர் உள்ளே போய் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: “நாளைக்கும் ஆள் வரலைன்னா மச்சினன் பையனை வரச் சொல்லிடலாம்.”

கேட்டால் வாக்கு முறியும், கேட்காவிட்டால் வேலை போகும். வாக்கு உண்மைதானா என்று முதலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் அவள் முறை வரும்போது பள்ளி விடும் நேரம் நெருங்கிவிட்டது.

“இன்னைக்கு என்ன கண்ணு?” என்றாள் மூடி அக்கா.

“சிங்கத்துக்குச் சாப்பாடு வைக்கிற வேலை வேணும்க்கா. எனக்கு இரட்டை ஆம்பளைப் பிள்ளைங்க. அதான் வேற எதுக்கும் பயமில்லை.”

மூடி அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. போனாள், துடைத்தாள், முணுமுணுத்தாள். தையல்காரி ஜாடிக்குள் குனிந்து காற்றை மட்டும் ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

நாற்காலி சுற்றியது. “ஆகா! சிங்கம் தெரிகிறது! இரட்டைப் புதல்வர்களைப் பெற்ற தாயே, சிங்கத்துக்கு அன்னமிடும் வேலை உனக்குத்தான்!”

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “ஐயா, அவளுக்கு ஒரே பொண்ணு. என் மகளோட ஒண்ணாப்புதான்.”

“நான் ஜாடியில ஒண்ணுமே சொல்லலை. ஊதினேன்” என்றாள் தையல்காரி. “சிங்கத்தை மூடி அக்காகிட்டதான் சொன்னேன். நீங்கள்லாம் ஜாடிக்கு முன்னாடி யார்கிட்ட சொன்னீங்க?”

பெண்கள் எல்லோரும் மூடி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மேகமூட்டம்!” என்றார் ஐயா. “ஜாடிக்கு இன்னைக்குச் சரியாக் காது கேக்கலை!”

“காது அதுக்கு எப்பவுமே கேக்காது, அது பீங்கான்” என்றாள் கண்ணாடி போட்ட ஒருத்தி. “சரி, இந்த ஜாடியால ஒருத்திக்காச்சும் வேலை கிடைச்சிருக்கா?”

பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்: “எனக்குக் கிடைச்சுது.”

மூடி அக்கா.

“என்ன வேலை?”

“இதுதான். என் பையன் மூணாம்கிளாஸ். பெல் அடிச்சா என்னைப் போகவிடுவாரு. வேற எவன் விட்டான்?”

சிரிப்பு வெடித்தது. அது அடங்குவதற்குள் ஐயா ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக மறைந்துவிட்டார். நாற்காலி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தையல்காரி நேராகச் சலவைக்கடைக்குப் போனாள். வரிசை முழுவதும் பின்னால் போனது.

“அண்ணே, துணி திருத்த நான் வரேன். ஆனா ஸ்கூல் நேரத்துக்குள்ளதான் முடியும்.”

“அதுக்கென்ன? துணி திருந்தினாச் சரி, சாயங்காலம் இங்க துணி கொடுக்கிறதும் வாங்குறதும்தான்” என்றார் சலவைக்காரர். “இத்தனை பேரு கடை கடையாச் சுத்திச் சுத்தி வந்தீங்களே, ஒருத்தராச்சும் வாயைத் திறந்தீங்களா? மச்சினன் பையனுக்கு ஊசியில நூலே கோக்க வராது!”

வாயைத் திறந்தாயிற்று. கையோடு சம்பளத்தையும் கேட்டாள். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

கேட்ட இடத்திலெல்லாம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. அதற்காக ஜாடியிடம் கேட்பானேன்? ஊரில் எல்லோருக்கும் வேலை தேடுகிறோம். கழுத்துக்கு மேலே ஒன்று காலங்காலமாக வேலையில்லாமல் கிடக்கிறதே, முதலில் அதற்கு ஒரு வேலை கொடுப்போம்.

பள்ளி மணி அடித்தது. பெண்கள் வாயிலை நோக்கி ஓடினார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து மூடி அக்காவின் மகனும் ஓடிவந்தான். அவள் அவனுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். தையல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூடி அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத அந்த முடிதிருத்தும் கடையைத் தாண்டிப் போனாள்.