ரேஸு அண்ணனின் பிரேக்கும் ராணி அண்ணியின் நெத்திலியும்

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில், பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைப்பதற்காகவே ரேஸ் கார் பிரேக் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரேஸு அண்ணன்தான். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

அவர் போட் இன்ஜின் மெக்கானிக். சென்னை வெள்ளத்தில் மூழ்கி, சொந்தக்காரரே கைகழுவிவிட்ட ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி இழுத்து வந்து உயிர் கொடுத்தார். இரண்டே சீட். முதல் சவாரி ராணி அண்ணிக்குத்தான் என்று பேச்சு. அண்ணியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். கார் பாய்ந்து வந்தது, அண்ணியைத் தாண்டியது, தார் ரோட்டில் அவள் காயப்போட்டிருந்த நெத்திலியைக் கடைசி மீன் வரை நசுக்கிவிட்டு நின்றது.

"யோவ், இன்னா வண்டி இது? என் மீனுக்கு முன்னாடி என்னிக்கி நிக்குதோ, அன்னிக்கி ஏறிக்கிறேன். அதுவரிக்கும் நீயே ஓட்டிக்கினு இரு!"

அன்று பிடித்தது பைத்தியம். சென்னைக்குப் போய்ப் பெரிய பிரேக் டிஸ்க் வாங்கி மாட்டினார். நெத்திலி நசுங்கியது. அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க நாலு பிஸ்டன் காலிப்பர் மாட்டினார். நசுங்கியது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பின்னிய குழாய் போட்டார். எங்கள் குப்பத்துப் பூனைகள் கொழுத்தன.

கடைசியாக ரேஸ் கார் பிரேக் பேடு. "இது சூடானாத்தான் புடிக்கும்பா, ஏறு" என்று என்னையும் உள்ளே திணித்துக்கொண்டு, காட்டூர் ரோட்டில் போய் வந்து பேடைச் சூடேற்றினார். அண்ணி அன்றைக்கு மீனைக் கொஞ்சமாகத்தான் பரப்பியிருந்தாள். பட்டால்தானே புத்தி வரும்.

தூரத்தில் அவள் தலை தெரிந்ததும் அண்ணன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அப்புறம் பிரேக்கைத் தட்டித் தட்டி மிதித்தார். "கல்லு மாரி கீதுப்பா பெடலு!" என்று கத்தினார். நெத்திலி வழக்கம் போல நசுங்கியது.

அண்ணி திட்டவில்லை. இடுப்பில் கை வைத்து யோசித்தாள்.

"இன்னாய்யா, சத்தம் முன்னாடியே நின்னு பூடுது, வண்டி பின்னாடி வருது? இன்ஜின எப்ப அணைச்சே?"

"ஒன்னியப் பாத்ததுமே. கரை வந்தா இன்ஜின அணைக்க வாணாமா?"

"அடப்பாவி மனுசா! இது இன்னா போட்டா, தானா மெதந்து வந்து நிக்க?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். காரில் இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பெடல் லேசாக இறங்கும், அணைத்தால் கல்லாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? கரையைக் கண்டதும் கை தானாகச் சாவிக்குப் போனால் பாவம், அவர்தான் என்ன செய்வார்!

அண்ணி மிச்சம் வைத்திருந்த மீனைப் பரப்பினாள், அண்ணன் மறுபடி ஓட்டினார். இந்த முறை சாவியைத் தொடவில்லை. வாங்கி மாட்டிய அத்தனையும் ஒரே நேரத்தில் பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி டாஷ்போர்டில் போய் உட்கார்ந்தது. மீனுக்கு ஒரு தென்னைமர நீளம் முன்னாலேயே கார் நின்றுவிட்டது.

அண்ணி அந்தத் தூரத்தை நடந்தே வந்தாள். "எறங்குப்பா" என்றாள் என்னிடம். பட்டுப்புடவைக்கெல்லாம் போகவில்லை, கையில் மீன் வாடையோடு அப்படியே ஏறி உட்கார்ந்தாள்.

பொன்னேரி வரை போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். "பிரேக்கு எப்படிண்ணா?" என்று கேட்டேன்.

"தெரிலப்பா. அவ பக்கத்துல இருந்தாளா, மாட்டுவண்டி கணக்கா மெதுவாவே போனேன். மிதிக்கவே இல்ல" என்றார் ரேஸு அண்ணன். அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.