கட்டாமலே ஊர் சுற்றிய சேலை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நானும் தோழி யாஸ்மினும் ஓர் இணையத்தளம் செய்தோம்.
2. அதில் ஒரு சேலையின் பயணத்தைப் போட்டோம்.
3. அக்காவின் வருங்கால மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.
4. தளம் நிற்கவில்லை.

மூன்றாவதற்கு அம்மா பொறுப்பு. மற்ற மூன்றும் என்னுடையவை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறியாளர். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆகவே சனிக்கிழமைக் கோடிங் வகுப்பில் சேர்ந்தபோது, நான் செய்வதில் குறையே இருக்காது என்று நினைத்தேன். (நினைத்ததோடு விட்டிருக்கலாம். வகுப்பில் சொல்லவும் சொன்னேன்.)

வகுப்பின் கடைசி வேலை, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் உடுத்துவது பற்றி ஒரு தளம் அமைப்பது. மற்றவர்கள் பருத்தி, பாலியெஸ்டர் என்று எழுதினார்கள். ஓர் ஆடை எத்தனை கை மாறியிருக்கிறது என்று காட்டலாம் என்றேன் நான். எங்கள் உறவில் பரிசாக வரும் சேலையை யாரும் கட்டுவதில்லை. மடிப்புக் கலையாமல் அடுத்த விசேஷத்துக்குப் போய்விடும். துணியை இதைவிட யாராலும் மிச்சப்படுத்த முடியாது என்று யாஸ்மினுக்கு விளக்கினேன். அவள் வீட்டில் கைலிகள் அப்படிப் போகுமாம்.

மாதிரிக்கு ஒரு பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மாவான பட்டர்வொர்த் அத்தை எங்கள் அம்மாவுக்குக் கொடுத்தது. அதை அம்மா தீபாவளிக்குச் சிம்பாங் அம்பாட் பெரியம்மாவுக்குத் தள்ளிவிட்டிருந்தார். பெரியம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு, கூலிமில் இருக்கும் உறவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். கூலிமில் கேட்டால் புக்கிட் மெர்தாஜாம். அங்கே கேட்டால், பட்டர்வொர்த்தில் யாரோ வீடு குடிபோனதற்குக் கொண்டுபோனார்களாம். (பட்டர்வொர்த்துல வீட்டுக்கா பஞ்சம், எதுவா இருந்தா நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.)

எல்லோருமே ரகசியம் என்றதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊர்களை மட்டும் போட்டேன். ஒவ்வோர் ஊரிலும் எங்களுக்கு ஒரே ஓர் உறவுதான், ஊரைச் சொல்லித்தான் அவர்களைக் குறிப்பிடவே செய்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

நிரல் எளிமையானது. சேலை இந்த ஊரிலிருந்து எங்கே போனது என்று பார். அந்த ஊரை எழுது. மறுபடி பார். போக இடம் இல்லாதபோது நில். கடைசி ஊரை, தளங்களை எல்லோருக்கும் காட்டும் அரங்கேற்றத்தன்று காலையில்தான் சேர்த்தேன். சேர்த்தபின் ஓட்டிப் பார்க்கவில்லை. (தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்தால் நான் நீளமான மின்னஞ்சல் எழுதுவேன்.)

ஜார்ஜ்டவுனில் ஒரு சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் நிகழ்ச்சி. இளைய மகளின் திறமையை மாப்பிள்ளை வீட்டார் பார்க்கட்டும், அப்படியே சாப்பிடப் போய் நிச்சயதார்த்தத் தேதியையும் பேசி முடித்துவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். பட்டர்வொர்த் அத்தையை அழைத்திருந்தார். துணைக்குச் சிம்பாங் அம்பாட் பெரியம்மா. அக்காவும் வந்திருந்தாள்.

ஆசிரியர் பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சைச் சேலை. அதன்கீழ் நொடிக்கு ஓர் ஊராக வந்தது. பட்டர்வொர்த். ஆயர் ஈத்தாம். (அது நாங்கள்.) சிம்பாங் அம்பாட். கூலிம். புக்கிட் மெர்தாஜாம். பட்டர்வொர்த். ஆயர் ஈத்தாம். சிம்பாங் அம்பாட்.

கணினி கடைசி வரிசையில் ஆசிரியரிடம் இருந்தது. அவருக்கு அவை வெறும் ஊர்கள். நன்றாக நகர்கிறது என்று தலையாட்டினார்.

மூன்றாம் சுற்றில் பெரியம்மா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. "ஏன் பாப்பா, இது எனக்குன்னு ஆசையா எடுத்தேன்னு சொன்னியே, அந்தச் சேலைதானே?"

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் சம்மதம் வாங்க அவள் நான்கு வருடம் காத்திருந்த கல்யாணம், ஐந்து ஊர்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் சுற்றில் அத்தை எழுந்தார்.

"இந்தாம்மா, இதுல ஒரு தப்பு இருக்கு லா. முதல்ல பட்டர்வொர்த்னு போட்டிருக்க."

"ஆமாங்க அத்தை."

"அதுக்கு முன்னாடி தைப்பிங் வரணும். என் நாத்தனார் குடுத்தது. நான் மட்டும் கடையிலயா வாங்குனேன்?"

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நாங்க வீடு குடிபோனப்போ திரும்பி வந்துச்சே, அப்பவே தெரியும் சம்பந்தி. பெட்டிகூட மாத்தல."

சம்பந்தி என்று அவர் அம்மாவை அழைத்தது அதுதான் முதல் முறை. அம்மா அப்போதுதான் மூச்சுவிட்டார். திரையில் ஏழாம் சுற்று போய்க்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. நிரலைத் திருத்திவிட்டேன். ஒரே ஊர் இரண்டாம் முறை வந்தால் நின்றுவிடும். நான் சொன்னதையே திரும்பச் சொன்னால், வீட்டில் யாராவது "பட்டர்வொர்த், ஆயர் ஈத்தாம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தளத்தை இப்போது முப்பத்தெட்டுப் பேர் பயன்படுத்துகிறார்கள். யாஸ்மினைத் தவிர எல்லோரும் என் உறவினர்கள். ஒரு சேலையைக் கொடுக்கும் முன், அது அந்த வீட்டிலிருந்தே வந்ததா என்று சரிபார்த்துக்கொள்கிறார்கள்.