அஸ்பாரகஸ் சீவாத வசந்தம்

இந்த வருஷம் ஒரு அஸ்பாரகஸ் தண்டைக்கூடச் சீவ மாட்டேன். மே மாதம் பிறந்த அன்று எடுத்த சபதம் இது. மனைவி நோட்புர்காவுக்குத் தெரியாமல், நிலவறையில், பீப்பாய்கள் சாட்சியாக எடுத்தேன்.

புது ஒயின் தயாரானதும் வாசலில் பைன் கிளையைக் கட்டுவோம். அதைப் பார்த்தால் ஊரே எங்கள் முற்றத்தில் வந்து உட்காரும். ஒயின் என் பொறுப்பு. சாப்பாடு என் மனைவி புர்கியின் பொறுப்பு. அஸ்பாரகஸின் நார்த்தோலைச் சீவுவது மட்டும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கட்டைவிரல் பருமனில் வெள்ளைத் தண்டுகள், கூடை கூடையாக. கனவிலும் சீவுகிறேன்.

"புர்கி, நம்ம கிரூனர் ஒயினுக்கு எது பொருந்தும்னு ஒரு போட்டி வைப்போமா? ஜெயிச்ச சாப்பாடு மட்டும்தான் இந்த சீசன்ல."

"நல்ல யோசனைங்க. யாரு நடுவர்?"

"பக்கத்து வீட்டு வென்ட்சல். நேர்மையான ஆளு."

அந்த நேர்மைக்கு முதல் நாளே ஒரு சரம் சாஸேஜ் கொடுத்திருந்தேன்.

மேஜையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் ஆறிய பன்றி வறுவல். இன்னொன்றில் வெண்ணெய் ஊற்றிய அஸ்பாரகஸ். வென்ட்சல் வறுவலைக் கடித்து, ஒயினைக் குடித்து, "பிரமாதம்!" என்றான். அஸ்பாரகஸைக் கடித்தான். குடித்தான். பேச்சே இல்லை. இன்னொரு தண்டை எடுத்தான்.

"எப்படிடா இருக்கு?" மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

"மோசம் அண்ணே. ரொம்ப மோசம். அண்ணி, இன்னும் ரெண்டு வைங்க, எவ்வளவு மோசம்னு பார்த்துடறேன்."

"அப்போ வறுவல்தான் ஜெயிச்சுது," என்றாள் புர்கி. கோபமே இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இருவரும் போனதும் தட்டையே பார்த்தேன். அவன் ஏன் வாயடைத்துப் போனான்? ஒரு துண்டு கடித்து, ஒரு வாய் குடித்தேன். தனியாகக் குடித்தால் சுருக்கென்று மிளகு போலவும் பச்சை ஆப்பிள் போலவும் இருக்கும் ஒயின், இப்போது இனித்தது. அஸ்பாரகஸின் மண்வாசனையும் காணோம். எங்கே போயிற்று? தேடினேன். தட்டு காலியாகும்வரை தேடினேன்.

"மிச்சம் வச்சிருந்தேனே?" வாசற்படியில் புர்கி.

"பூனை."

"உங்க மீசையிலயும் வெண்ணெயைத் தடவிட்டுப் போயிருக்கே."

சனிக்கிழமை பைன் கிளையைக் கட்டினோம். முற்றம் நிறைந்தது. காலை நீட்டி உட்காரப் போனேன். புர்கி ஒரு துருவியையும், என் முழங்கை நீளத்தில் கார முள்ளங்கி வேர்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எதுக்கு?"

"துருவின வேர் இல்லாம யாருங்க வறுவல் தின்பாங்க? எல்லாருக்கும் வறுவல்தானே. துருவுங்க."

முதல் வேரிலேயே கண் எரிந்தது. இரண்டாவதில் மூக்கு ஒழுகியது. மூன்றாவதில், "ஏன் சார் அழறீங்க?" என்று ஒரு விருந்தாளி கேட்டார். ஒயின் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

மாலைக்குள் மனம் மாறிவிட்டது.

"புர்கி, யோசிச்சுப் பார்த்தா அஸ்பாரகஸும் நம்ம ஒயினுக்கு நல்லாத்தான் பொருந்துது."

"அப்படியா?" முகமெல்லாம் பூரிப்போடு அவள் மேஜைக்கு அடியிலிருந்த துணியை விலக்கினாள். ஈரம் காயாத அஸ்பாரகஸ், இரண்டு கூடை நிறைய. "அப்போ ரெண்டுமே போடலாம். துருவி முடிச்சதும் சீவ ஆரம்பிச்சிடுங்க."