வாத்தியார் வூட்டு லினக்ஸ்

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் தூக்கம். சொத்து கேட்கவில்லை. பதவி கேட்கவில்லை. தூக்கம். உத்திரமேரூரில் இத்தனை வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிற தாண்டவராயன் கேட்கக் கூடாத வரமா இது?

அதற்காகத்தான் என் மனைவியின் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுவது என்று முடிவெடுத்தேன். தூக்கத்துக்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கல்யாணம் ஆனவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

"என் மனைவியின் லேப்டாப்" என்றேன் பாருங்கள், அதுவே தப்பு. வாங்கியது நான். கேள்வித்தாள் டைப் அடிக்கலாமென்று 2009-ல் வாங்கினேன். குட்டி லேப்டாப். தலையணைக்கடியில் வைத்தால் தெரியாது. விண்டோஸ் அதிலேயே போட்டு வந்தது. பார்க்க வந்த மச்சான் கோபால் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு ஜாதக சாஃப்ட்வேரை அதில் ஏற்றி, தன் அக்கா பவளத்துக்குச் சொல்லியும் கொடுத்துவிட்டுப் போனான். பெண்ணுக்கும் பையனுக்கும் பிறந்த தேதி, நேரம், ஊர் போட்டால் போதும். பத்துப் பொருத்தமும் வரிசையாக வந்து நிற்கும். பவளம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். மறுவாரம் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து என் வீடு வீடில்லை, பஸ் ஸ்டாண்டு. பழையசீவரத்திலிருந்து வருகிறார்கள். திருமுக்கூடலிலிருந்து வருகிறார்கள். மஞ்சள் தடவிய ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் படுக்கிற கட்டிலில் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறார்கள். பவளம் யாரிடமும் பைசா வாங்குவதில்லை. கேட்டால் புண்ணியம் என்பாள். புண்ணியம் அவளுக்கு, கட்டில் என்னுடையது.

"பவளம், நான் எங்கடி படுக்கறது?"

"கொஞ்சம் இரு மாமா. ரஜ்ஜுப் பொருத்தம் பாத்துக்கினு கீறேன்."

"நேத்தும் இதத்தான சொன்ன?"

"நேத்து பாத்தது கணப் பொருத்தம்."

"இவங்கள நாளைக்கி வரச் சொல்லக் கூடாதா?"

பவளம் மவுஸை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஜாதகம் எடுத்துக்கினு வாசப்படி ஏறினவங்கள இல்லன்னு அனுப்புவாங்களா? சகுனத் தடன்னு பெத்தவ மனசு இன்னா பாடு படும்? வாத்தியாருக்குப் படிச்சவன் பேசற பேச்சா மாமா இது?"

"செரி. ஒரு வாய் காப்பியாவது குடு."

"பாலு அடுப்புல கீது. போட்டுக்க. அப்டியே இவங்களுக்கும் போட்டுடு."

போட்டேன். பக்கத்து வீட்டு தாஜுன்னிசாவுக்கு ஜாதக வேலை எதுவும் கிடையாது, வேடிக்கை பார்க்க மட்டும் தினமும் வருவாள். "சார் காப்பி சூப்பரா போடறாரு அக்கா" என்று சர்டிஃபிகேட் வேறு கொடுத்தாள். பேஜார் என்றால் அப்படி ஒரு பேஜார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார் ஹபீபுல்லா பாய். லினக்ஸ் என்றால் அவருக்கு உயிர். பல்வலி என்று போய் நின்றாலும் லினக்ஸ் போடச் சொல்வார். ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. நான் போய் நின்றேன்.

"பாய், ஜாதகம் பாக்கற சாஃப்ட்வேர் உங்க லினக்ஸ்ல ஓடுமா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஓடாது சார். அது விண்டோஸுக்குன்னு பண்ணது. அதுக்காக வேணான்னு சொல்லிடாதீங்க."

"நிச்சயமா ஓடாதா?"

"நிச்சயமா ஓடாது சார்."

"அப்போ உடனே போடுங்க பாய்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சிடியை எடுத்துக் கொடுத்தார். ராத்திரி நானே போடலாமென்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிடி போடுகிற வாய் எங்கேயும் இல்லை. மறுநாள் சொன்னபோது பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் குட்டி ரகத்துக்கு அதெல்லாம் கெடையாது சார். பென்டிரைவ்லதான் ஏத்தணும். மிஷின எடுத்துக்கினு வாங்க."

பவளம் ஓரிக்கையில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளாகப் பார்த்தேன். அவள் பொருத்தம் பார்த்த கல்யாணம்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.

பாய் ஆரம்பிக்கும்போதே சொன்னார். "பழசும் ஒரு பக்கம் இருந்துட்டுப் போவட்டும் சார். டிஸ்க்க ரெண்டா பார்ட்டிஷன் பண்ணிடலாம்."

பார்ட்டிஷன் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்கு ஆகாது. எங்கள் நைனாவும் சித்தப்பாவும் செய்யாற்றங்கரை நிலத்துக்காகப் பார்ட்டிஷன் கேஸ் நடத்தினார்கள். கேஸ் முடிந்தபோது நிலமும் முடிந்திருந்தது. அண்ணன் தம்பி பேச்சும் முடிந்திருந்தது.

"எங்க வம்சத்துல இன்னொரு பார்ட்டிஷன் வேணாம் பாய். மொத்தத்தையும் அழிச்சிடுங்க."

"ரோசன பண்ணிக்குங்க சார். அழிச்சா திரும்ப வராது."

"அதான் எனக்கு வேணும்."

அழித்தார். லினக்ஸ் ஏறியது. பாய் தன் ஆசைக்கு, லினக்ஸின் அடையாளமான பெங்குவினைத் திரை முழுக்க வைத்துக் கொடுத்தார். கறுப்புப் பறவை, வெள்ளை வயிறு, மஞ்சள் மூக்கு. நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. நானும் இனி அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பவளம் கல்யாணச் சாப்பாட்டுக் களைப்போடு வந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"மாமா, இன்னா இது?"

"வைரஸ் வந்துட்சி பவளம். எல்லாம் பூட்ச்சி. பாய்தான் எப்படியோ உயிரக் குடுத்தாரு. புது சிஸ்டம்."

"ஜாதகம்?"

"அது இனிமே ஓடாதாம்." வருத்தமாகச் சொல்லத்தான் பார்த்தேன். பாதிதான் வந்தது.

அவள் பெங்குவினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "செரி மாமா" என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பவளம் சண்டை போட்டால் பயமில்லை. சட்டி பாத்திரம் உருண்டாலும் பயமில்லை. செரி என்றால்தான் ஆபத்து. ஆனால் எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. கட்டிலில் விழுந்தேன். அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், அது தூக்கம்.

மறுநாள் சாயங்காலம் அதே கட்டிலிலிருந்து எழுப்பப்பட்டேன்.

"ஏந்திரு மாமா. ஜனம் வந்துகீது. நீயே சொல்லு. மிஷின் வெவகாரம் எனக்கின்னா தெரியும்?"

கூடம் நிறைய பெண்கள். முன்னால் நின்றவள் திருமுக்கூடல் செல்லம்மாள். மகள் அம்முலுவின் ஜாதகத்தையும், வந்திருக்கிற வரனுடைய ஜாதகத்தையும் கொண்டுவந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நான் தூக்கக் கலக்கத்தில், மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எல்லாம் அழிஞ்சி போச்சிம்மா."

செல்லம்மாள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "எம்பொண்ணு ஜாதகத்த எடுத்துக்கினு வந்த எடத்துல இந்த வார்த்தையா சார் வரணும்?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு தூக்கத்துக்காகப் பெண்ணைப் பெற்றவளை அழவைத்துவிட்டேனே என்று கூசிப் போனேன். மிஷின் என்றேன், சிஸ்டம் என்றேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

பவளம்தான் முன்னால் வந்தாள்.

"அழாத செல்லம்மாக்கா. அழிஞ்சது பழய சிஸ்டம். இப்ப வந்து குந்திக்கினு கீறது யாருன்னு பாரு." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

எல்லாரும் குனிந்தார்கள்.

"இன்னா பறவடி இது?"

"கறுப்பா கீது. காக்கா."

"காக்காவுக்கு வவுறு வெள்ளையாவா இருக்கும்?"

"மெட்ராஸ் காக்காவா இருக்கும்."

"காக்கான்னா சனி பகவான் வாகனமாச்சே" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்.

"அது பெங்குவின்மா. பனிப் பிரதேசத்துல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றாள் தாஜுன்னிசா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பவளம் சிரிக்கவில்லை. "அவரு வந்து குந்தினப்பறம் மிஷின்ல பாக்க முடியுமா? கையாலதான் கணிக்கணும். நானு படிக்காதவ. நம்ம சாரு கணக்கு வாத்தியாரு. அந்தப் பஞ்சாங்கத்த எடுங்க."

படிக்காதவளாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் பவளம் என்னைவிட அதிக மார்க்கு. அதைச் சொல்ல அது நேரமில்லை. செல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாங்கத்தைக் கையில் வாங்கினேன். நட்சத்திரத்தை எண்ணினேன், ராசியை எண்ணினேன், சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் சொன்னதை, நான் விளக்கு வைக்கிற வரைக்கும் போட்டேன்.

"பொருத்தம் நல்லா கீதும்மா. தைரியமா பண்ணு."

செல்லம்மாள் கும்பிட்டாள். பவளம் வாசலைப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பாயிடம் ஓடினேன். "பழசப் போடுங்க பாய்."

"அதான் மொத்தமும் அழிச்சமே சார். விண்டோஸ் எப்படியாவது போடலாம். ஜாதக சாஃப்ட்வேருக்கு எங்க போறது? அது இல்லாம நீங்க இன்னா பண்ணுவீங்க?"

கோபாலுக்கு ஃபோன் போட்டேன். "அந்த சாஃப்ட்வேரப் பென்டிரைவ்ல போட்டுக் கொஞ்சம் கொண்டாடா."

"மாமா..." என்று இழுத்தான். "நீங்க கேப்பீங்க, குடுக்காதன்னு அக்கா முந்தாநாளே சொல்ட்டா மாமா."

வீட்டுக்கு வந்தேன். பவளம் என் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வைரஸ் வந்த மிஷின யாராச்சும் சிரிச்சிக்கினே தூக்கினு போவாங்களா? தாஜு பாத்துட்டு அன்னிக்கே சொன்னா."

"கோவமா?"

"இருந்துச்சி." எழுந்து உட்கார்ந்தாள். "வரவங்கள மாட்டேன்னு சொல்லவும் முடியாம, அந்தக் குட்டிப் பொட்டிய பாத்துப் பாத்துக் கண்ணு எரிஞ்சிக்கினு கீறேன். ஒரு நாளாச்சும் இன்னா பவளம்னு கேட்டியா நீ? ஒனக்கு ஒன் தூக்கம்தான். அப்பறம் ரோசன பண்ணேன். பாவம், எம்மாமன் நம்ம தலமேல கீறத எறக்கி அவரு தலமேல வச்சிக்கினாரு. நல்லதுதான பண்ணிகீறாருன்னு உட்டுட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் பெரிய சங்கடம்.

வாத்தியார் வீட்டு மிஷினில் சனி பகவான் உட்கார்ந்திருக்கிறார் என்ற சேதி பாலாற்றைத் தாண்டிப் போய்விட்டது. பொருத்தம் பார்க்க வந்த கூட்டம் போதாதென்று ஏழரை நாட்டுச் சனிக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பெங்குவின் முன்னால் எள் வைக்கிறார்கள். ஒருத்தர் கீபோர்டிலேயே வைத்துவிட்டார். சாயங்காலம் பூராவும் நான் கணித்துக்கொண்டிருக்கிறேன். பவளம் தூங்குகிறாள். ஹபீபுல்லா பாய் மட்டும், லினக்ஸுக்கு இத்தனை கூட்டமா என்று வாசலில் வந்து நின்று கண் கலங்கிவிட்டுப் போகிறார்.

"சனிக்கிழமையாவது பள்ளிக்கூடம் லீவு, படுக்கலாம்னு பாத்தா அன்னிக்குத்தான் பவளம் ரொம்பக் கூட்டம்."

"சனி பகவானுக்கு சனிக்கிழமதான மாமா விசேசம்."

"அப்போ ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம உள்ளூரு ஜனம் ஒருத்தரும் வரக் கூடாதுன்னு கண்டிசனா சொல்ட்டேன் மாமா."

ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கிவிட்டது. "நெஜமாவா பவளம்?"

"ஆமா மாமா. அன்னிக்கி எங்கம்மா ஊரு ஜனம் மொத்தமும் வேன் புடிச்சிக்கினு வருது."