தலகாணி பிரெஞ்சு மறந்த படலம்

துயிலின் தோன்றலே! போர்வைப் பெருங்கவசம் பூண்ட புரவலனே! கூவிடும் கடிகாரங்களின் குரல்வளை நெரித்த கோவே, வாழி நீ! மெத்தை என்னும் மேட்டுநிலத்தைக் கதிரவன் உச்சியை எட்டும்வரை ஒருகுடைக்கீழ் ஆண்டு, அன்னையின் அதட்டலையும் சன்னல்வழி வந்த வெயிலையும் ஒருசேரப் புறங்கண்டு, தமக்கையின் திருவாயால் ‘தலகாணி’ என்னும் பட்டம் பெற்ற உன் போர்த்திறத்தைப் பாடப் புகுந்தோம். அவையோரே, கொட்டாவியை அடக்கிக் கேட்பீராக.

தலகாணி பள்ளியை முடித்துக் கல்லூரி என்னும் கோட்டைக்குள் காலெடுத்து வைக்கவிருந்தான். அக்கோட்டையில் புகுவோர் யாவரும் அயல்மொழி ஒன்றைக் கற்றே தீரவேண்டும். அம்மொழியை முன்பே அறிந்தவர் யார், அறியாதவர் யார் எனப் பிரித்தறிய, வகுப்புகள் தொடங்குமுன் ஒரு தேர்வு நடக்கும். அறியாதார் முதல் நிலைக்கும், அறிந்தார் மூன்றாம் நிலைக்கும், அரைகுறையார் இடைநிலைக்கும் அனுப்பப்படுவர். நம் நாயகனோ பள்ளியில் ஆறாண்டு பிரெஞ்சு பயின்றவன்; அம்மொழியின் சித்திரக்கதைகளைப் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்துப் படித்தே விடியலைப் பகையாக்கிக் கொண்டவன். ஆகவே அச்சமின்றி இருந்தான், அதே கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் அக்கா சாப்பாட்டு மேசையில் அந்தப் பேரிடிச் செய்தியை இறக்கும்வரை.

“டேய் தலகாணி, நாளைக்கு நல்லா எழுதித் தொலைச்சிடாத. மூணாவது லெவல் க்ளாஸ் காலைல எட்டு மணிக்குடா. ஒரு வருஷம் பூரா நான் தலை வாராம ஓடியிருக்கேன்.”

“அப்ப முதல் லெவல்?”

“அவங்களுக்கு என்ன, பதினொரு மணிக்கு ஆற அமர வருவாங்க.”

பதினொன்று! அச்சொல் அவன் செவியில் யாழென இனித்தது. எட்டு! அச்சொல்லோ வேலெனப் பாய்ந்தது. கையிலிருந்த தம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்து, தண்ணீர் நாற்புறமும் தெறிக்க, சபதம் முழங்கினான் சயனச் செம்மல்: “இன்று முதல் யான் பிரெஞ்சு அறியேன்! அதன் எழுத்தறியேன், சொல்லறியேன், பொருளறியேன்! பதினொரு மணியே என் பதி, முதல் நிலையே என் கதி!”

“முதல்ல மேசையைத் துடைடா,” என்றாள் அம்மா.

மறுநாள் புலர்ந்தது போர். மின்விசிறிகள் கிறுகிறுக்க, வரிசையாய் நின்ற கணினித் திரைகள் வெள்ளொளி உமிழ, அறுபது வினாக்கள் அணிவகுத்து நின்றன. வினா ஒன்றுக்கு நான்கு விடைகள். அறிவைக் காட்டப் போரிடும் வீரர் ஆயிரம் பேர் இருக்கலாம்; அறிவை ஒளிக்கப் போரிடும் துயரை அவனன்றி யார் அறிவார்? ஒவ்வொரு வினாவிலும் சரியான விடை, தொலைந்த தோழனைக் கண்டாற்போல் துள்ளி எழுந்து கையசைத்தது. அதை அடையாளம் கண்டு, கண்ட மறுகணமே கண்டும் காணாதவன்போல் முகம் திருப்பி, அதன் அண்டை வீட்டு மூடனைத் தேர்ந்தான். நாற்பதாம் வினாவில் வந்ததொரு வினைச்சொல், ஆசைகளையும் ஐயங்களையும் சொல்ல மட்டுமே அம்மொழி எடுத்து வைத்திருக்கும் அரிய வடிவில் நின்றது. அதைக் கற்க அவன் ஒரு மழைக்காலம் முழுவதும் மல்லாடியிருந்தான். ‘என்னையுமா?’ என அது கேட்பது போலிருந்தது. நெஞ்சம் குமுற அதையும் வெட்டிச் சாய்த்தான். அறுபதும் வீழ்ந்தன. களத்தில் ஒரு சரியான விடைகூட உயிரோடில்லை.

வெற்றிப் பெருமிதத்தோடு எழுந்தவனை வாசலில் மறித்தார் அலுவலக உதவியாளர். “தம்பி, உங்களை மட்டும் உள்ள கூப்பிடுறாங்க.”

உள்ளே வீற்றிருந்தவர் பிரெஞ்சுத் துறைத் தலைவி. தன்னைத் தாண்டி எவரையும் சும்மா போகவிடாத காரணத்தால் மாணவர் குலம் அவருக்குச் சூட்டிய பெயர் ‘சுங்கச்சாவடி’. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அதுவே அந்தச் சாவடியின் தடுப்புக்கட்டை இறங்கும் அடையாளம்.

“தம்பி, ஒண்ணுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கிட்டு போட்டாக்கூட பத்துப் பதினஞ்சு சரியா விழும். நீ அறுபதையும் தப்பா போட்டிருக்க. இதுக்கு நல்லா படிச்சிருக்கணுமே?”

“இல்ல மேடம். சத்தியமா தெரியாது. நமக்கு ராசியில்ல.”

அப்போது தொடங்கியது இரண்டாம் போர். சுங்கச்சாவடி தமிழை உறையிலிட்டுப் பிரெஞ்சை உருவினார். பசிக்கிறதா, இந்த பிஸ்கட்டை எடுத்துக்கொள் என்று தேனினும் இனிய குரலில் சொன்னார். காலையில் எதுவும் உண்ணாத காளையின் வயிறு புலியென உறுமிற்று. ஆயினும் அவன் மின்விசிறியையே நோக்கியிருந்தான். உன் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது என்றார். மார்பை நோக்கித் தாவிய கையை நடுவழியில் திருப்பிக் கழுத்தைச் சொறிந்து கொண்டான். வீரம் அதுவன்றோ வீரம்!

சுங்கச்சாவடி தோற்றவர்போல் பெருமூச்செறிந்து, பக்கத்து மேசையில் இருந்த சக பேராசிரியரிடம் திரும்பி, அதே மொழியில் ஒரு கதை சொல்லலானார். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரே ஓர் ஒலிதான் வேலி. நாக்குச் சற்றே சறுக்கினால் மீன் விஷமாகிவிடும். போன வருடம் ஒரு மாணவன் இதே நாற்காலியில் அமர்ந்து தன் குடும்பத்தைப் பற்றிப் பேசினானாம். ஞாயிறுதோறும் அம்மா எங்களுக்கு அன்போடு விஷம் சமைப்பார் என்றானாம். தலகாணி உதட்டைக் கடித்தான். அப்பாவுக்கு எலுமிச்சை பிழிந்த விஷம் பிடிக்கும் என்றானாம். தலகாணி தொடையைக் கிள்ளினான். போன வாரம் மாமா வந்திருந்தார், இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், முள் எடுத்த விஷம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றார்…

உடைந்தது அணை! தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, நாற்காலி தடதடக்கச் சிரித்தான் துயில்வேந்தன். சிரித்ததோடு விட்டானா? ஆர்வம் அறிவை உதைத்துத் தள்ள, பிழையற்ற பிரெஞ்சில் கேட்டும்விட்டான்: “மாமா மறுபடி வந்தாரா?”

நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடி மூக்குக்கு இறங்கிற்று.

“தெரியலையே,” என்றார் சுங்கச்சாவடி, மெல்லத் தமிழுக்குத் திரும்பி. “அவன் மூணாவது லெவல்லதான் இருக்கான். திங்கட்கிழமை நீயே கேட்டுக்கோ.”

வீழ்ந்தான் வீரன். ஆயினும் வியப்பைக் கேளீர்: வீழ்ந்தவன் எழுந்து போகவில்லை. ஆறாண்டுகளாய் அம்மொழியில் அவனை விரட்டிக் கேள்வி கேட்டவர் உண்டு, திருத்தியவர் உண்டு. சிரிக்க வைத்தவர் ஒருவருமில்லை. பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே தான் போர்வைக்குள் படித்த கதைகளைப் பிரெஞ்சிலேயே சொல்லத் தொடங்கினான். சொல் வராத இடத்தில் கையால் காட்டினான். சுங்கச்சாவடி சொல்லை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வரும்போது அவன் முகம் ஏனோ வென்றவன் முகமாய் இருந்தது.

“என்னடா ஆச்சு?” என்றாள் வாசலில் காத்திருந்த அக்கா.

“எட்டு மணி.”

“அடப்பாவி! அதுக்கு ஏன்டா இளிக்கிற?”

திங்கள் புலர்ந்தது. போர்வைக் கவசம் களைந்து, ஈரத் தலையே மகுடமாக, தோள்பையே அம்பறாத்தூணியாக, வைகறையை முதன்முதலாய் நேருக்கு நேர் கண்ட வியப்பில் விழி விரிய, தெருநாய்கள் கட்டியம் கூற, அக்கம்பக்கத்துச் சன்னல்கள் நம்பமாட்டாது திறந்து மூட, நிலம் அதிர நடந்தான் நம் நாயகன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.