பாக்கியசீலி டீச்சரும் ஓர் 'இஃப்'பும்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், உக்கிரபாண்டி என்றொரு புலி இருந்தது. வெளிநாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டிருந்தது. நேர்முகத் தேர்வு இங்கிலீஷில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அது வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். கொட்டாவியைக்கூட இங்கிலீஷில்தான் விட்டது.

ஒருநாள் ஓடையோரம் பாக்கியசீலி டீச்சர் என்கிற வெள்ளாடு அதனிடம் வசமாக மாட்டிக்கொண்டது. காட்டுக்கே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிற ஆடு. புலி அதன் கழுத்தில் முன்னங்காலை வைத்து, 'உன்னைத் தின்றால் என் வயிறு நிறையும்' என்று மனசுக்குள் தமிழில் தயார் செய்துகொண்டு, பெருமையாகச் சொன்னது:

"இஃப் ஐ ஏட் யூ, ஐ வில் பி ஃபுல்."

உயிர் போகிற நேரம். ஆனாலும் டீச்சர் காது சும்மா இருக்குமா?

"தப்பு சார். 'தின்றால்'ல 'தின்ற' இருக்கேன்னு 'ஏட்' போட்டுட்டீங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் வழுக்கி விழுற இடம் அது. 'ஏட்' போட்டா பின்னாடி 'வுட்' வரணும்."

புலிக்கு முகம் சிறுத்துப்போனது. "இஃப் ஐ ஏட் யூ, ஐ வுட் பி ஃபுல். இப்ப சரியா டீச்சர்?"

"அசல் வெள்ளைக்காரன் மாதிரியே இருக்கு. அர்த்தம் தெரியுமா? இது நடக்கப்போறதில்லை, சும்மா கற்பனைன்னு அர்த்தம். என்னைத் தின்னப்போறதில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

புலி யோசித்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் சொன்னதை மீறித் தின்றால், இங்கிலீஷ் தெரியாத புலி என்று காடே சிரிக்கும். அதற்குப் பட்டினியே மேல் என்று காலை எடுத்துவிட்டது. "தேங்க் யூ டீச்சர்" என்று வேறு சொன்னது, பாவம்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இனி எவனுக்கும் பயப்பட வேண்டாம் என்று நடுவழியிலேயே நடந்தது. எதிரே மொக்கராசு என்கிற ஓநாய் வந்தது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத ஓநாய்.

ஓடியிருக்கலாம். டீச்சர் ஓடவில்லை. "என்னைத் தின்னணும்னா, அதை முதல்ல இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்" என்றது.

"எனக்குத் தமிழே தகராறு டீச்சர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மொக்கராசு சாப்பிட உட்கார்ந்தது.

நீதி: இலக்கணம் உயிரைக் காக்கும். ஆகவே உங்கள் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் முன், அவர்களைத் தின்ன வருகிறவர்களை அனுப்பி வையுங்கள்.