கிளட்ச் இல்லாத கார்

"புகை சுத்தமா இருக்கு. ஆனா பாஸ் கிடையாது" என்றார் சோதனை அதிகாரி.

மெக்கானிக் ஓட்டி வந்த காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த புரூஃப் சாருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. "ரொம்ப நன்றிங்க" என்று கையை நீட்டினார்.

"நன்றி இருக்கட்டும். உள்ள பாருங்க, மஞ்சளா ஒரு விளக்கு எரியுதா? அது என்ஜின் விளக்கு. அது எரிஞ்சா, பின்னாடி பூ வாசனையே வந்தாலும் ஃபெயில்தான்."

"விளக்கு எரியறது நல்லதுதானே?"

"வீட்ல எரிஞ்சா நல்லது. இங்க எரியக்கூடாது. மாசம் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை வரலாம். மூணாவது தடவையும் ஃபெயில்னா பதிவு ரத்து. வண்டி நேரா பழைய இரும்புக் கடைக்குத்தான்."

புரூஃப் சார் அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவர். அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது என்பார் முதலாளி. அவர் வாய்க்குத் தப்பிய மனிதனும் கிடையாது என்பார்கள் மற்றவர்கள். தெருவில் பெயர்ப் பலகையைப் பார்த்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுத் திருத்துவார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினால், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

ஊரார் பிழையெல்லாம் பார்த்த அந்தக் கண்களில் வலது கண் மங்கல். அதனால் லைசன்ஸ் கொடுக்க மறுத்துவிட்டார்கள். எனவே காரும் மனைவி பெயரில், ஓட்டுவதும் மனைவி. இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஞாயிறுதோறும் ஏரிக்கரை வரை போய், சற்று நேரம் இருந்துவிட்டுத் திரும்புவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறன்று, பாதி வழியில் அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

"இடது முட்டி வலிக்குது. இனிமே என்னால கிளட்ச் மிதிக்க முடியாது" என்றாள்.

அன்றோடு ஏரிக்கரை போயிற்று. அவள் மருந்துக் கம்பெனி வேலைக்குப் பஸ்ஸில் போனாள். ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று கிளம்பினாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்ட வீட்டில், "உப்பை இப்படித் தள்ளுங்க", "விளக்கை அணைச்சிடுங்க" என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லை. தன் வீட்டிலேயே தான் வாடகைக்கு இருப்பதுபோல் புரூஃப் சாருக்குத் தோன்ற ஆரம்பித்தது. அது அவருக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது. கிளட்ச்தான் பிரச்சினை, கிளட்ச் போய்விட்டால் மனைவி திரும்பக் கிடைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

எங்கோ வெளிநாட்டில் உடைத்த காரிலிருந்து கழற்றி, கப்பலேறி வந்த, கிளட்ச் தேவைப்படாத ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி ஒன்றை மெக்கானிக் தேடிப் பிடித்தார்.

"எதுக்குங்க இவ்வளவு சிரமம்? விட்டுடுங்க" என்றாள் மனைவி.

"உனக்காகத்தான்மா!"

"அதனாலதான் சொல்றேன், விட்டுடுங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து இவர் கண் கலங்கினார்.

பெட்டியை மாட்டியாயிற்று; இப்போது விளக்கு எரிகிறது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"என்ஜினுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு சார். அது இன்னும் பழைய கியரையே தேடிட்டிருக்கு. புதுசு சொல்றது அதுக்குப் புரியல."

"புரிய வைக்க முடியாதா?"

"சொல்லிப் புரிய வைக்க முடிஞ்சா எங்க வீட்லயே பாதிச் சண்டை இருக்காதே சார். விடுங்க, சுலபமான வழி இருக்கு."

சுலபமான வழி, அந்த மஞ்சள் பல்பைப் பிடுங்கி எறிவது.

அடுத்த வாரம் சோதனை அதிகாரி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து அணைந்தன, ஒன்றைத் தவிர.

"பல்பு எங்க?"

"ஃபியூஸ் போயிருக்கும்" என்றார் புரூஃப் சார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"சாவி போட்டதும் அது எரியணும், அப்புறம் அணையணும். எரிஞ்சுகிட்டே இருந்தாலும் ஃபெயில், எரியாமலே இருந்தாலும் ஃபெயில்." அதிகாரி காகிதத்தில் எழுதினார். "இன்னும் ஒரே தடவை."

மெக்கானிக் அடுத்த யோசனையுடன் தயாராக இருந்தார். கியர்பெட்டி எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் கம்ப்யூட்டரையே வாங்கி மாட்டிவிட்டால் பழைய சிநேகிதர்கள் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மாட்டினார். சேர்ந்துகொண்டன. விளக்கு அணைந்தது. இப்போது அவை இரண்டும் ஒரு பக்கம், என்ஜின் தனியாக ஒரு பக்கம். கார் தெருவுக்குள் நுழைந்தபோது கன்னங்கரேல் என்று புகை கக்கிற்று. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஆறும் சாம்பல் நிறமாயின.

"இது என்ன கண்றாவி?" என்று எதிர்வீட்டு டாக்டரம்மா மாடியிலிருந்து கத்தினாள்.

"கண்றாவி இல்லம்மா, கண்ணராவி. அதுதான் சரி" என்றார் புரூஃப் சார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, புகையை நிறுத்த ஒரு சென்சார், சென்சாரைச் சமாதானப்படுத்த ஒரு ஒயர், ஒயர் உரசாமல் இருக்க இன்னொரு ஒயர் என்று பத்து நாள் போயிற்று. ஒருவழியாகப் புகையும் நின்றது, விளக்கும் ஒழுங்காக எரிந்து அணைந்தது. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் இந்த வண்டிக்குப் புதுசு சார். நூத்தம்பது கிலோமீட்டர் ஓடி, தன்னைத்தானே பரிசோதிச்சு 'நான் ரெடி'ன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி கொண்டுபோனா சோதனையே பண்ண மாட்டாங்க."

புரூஃப் சார் வீட்டுக்கு ஓடினார்.

"வாம்மா, ரெண்டே மிதிதான். இடது காலை நீ மடிச்சே வெச்சுக்கலாம். நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டணும், அவ்வளவுதான்."

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்களும் வருவீங்களா?"

"வராம? முழுக்க உன் பக்கத்துலயே இருப்பேன்."

அவள் துணியை மறுபடி எடுத்தாள். "முதல்ல சர்டிபிகேட் வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

ஆகவே மெக்கானிக் ஓட்டினார். புரூஃப் சார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பள்ளம்."

"பாத்துட்டேன் சார்."

"பிரேக். பிரேக். பிரேக்!"

"அடிச்சிட்டேன் சார்."

"அடிச்சீங்க, ஆனா கொஞ்சம் லேட்டு. இண்டிகேட்டர் ஏன் இன்னும் போட்டே இருக்கு? முன்னாடி லாரி. லாரிக்கு முன்னாடி சைக்கிள். ஸ்டியரிங்கை அப்படிப் பிடிக்கக்கூடாது, கடிகாரத்துல பத்து பத்து மணி காட்டற மாதிரி பிடிக்கணும்."

இவர் காலுக்குக் கீழே இருந்த கால்மிதி தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தாலும் இத்தனை வருஷமாக அவர் மிதித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அறுபதாவது கிலோமீட்டரில் மெக்கானிக் ஒரு பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தினார்.

"இறங்குங்க சார்."

"ஏன், வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை நடுங்குது. மீதி தொண்ணூறை நான் தனியா முடிச்சுக்கறேன். நீங்க பஸ்ல வந்துடுங்க."

அனுபவம் போதாது, பாவம் என்று நினைத்துக்கொண்டு புரூஃப் சார் இறங்கினார்.

மாதத்தின் கடைசி நாள், மூன்றாவது தடவை. சாவி போட்டதும் விளக்கு எரிந்தது, அணைந்தது. புகை சுத்தம். கம்ப்யூட்டர் ரெடி. அதிகாரியே எழுந்து வந்து "பாஸ் சார்" என்று கை குலுக்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

ஜன்னலில் குமாஸ்தா சுடச்சுட அச்சடித்த சான்றிதழைக் கொடுத்தார். புரூஃப் சார் அதை வாங்கினார். வாங்கியதும் படித்தார். என்ஜின் எண்ணில் எட்டுக்குப் பதில் மூன்று என்று இருந்தது. கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. மூன்றைச் சிவப்பு மையில் அடித்தார், ஓரத்தில் எட்டு என்று எழுதினார், கீழே சின்னதாகக் கையெழுத்தும் போட்டார்.

"ஒரு சின்னத் தப்பு இருந்தது. திருத்திட்டேன்" என்று பெருமையாக ஜன்னலில் நீட்டினார்.

குமாஸ்தா சிவப்பு மையைப் பார்த்தார். "என்ன சார் பண்ணிட்டீங்க? சர்டிபிகேட்ல கை வெச்சா செல்லாது. சொல்லியிருந்தா நானே வேற அடிச்சுக் கொடுத்திருப்பேனே!"

"இப்ப அடிச்சுக் கொடுங்களேன்."

"இப்ப முடியாது. இது கெட்டுப்போச்சுன்னு ஓனர் நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும். அதுவும் இன்னிக்கு மூடறதுக்குள்ள. இல்லேன்னா பதிவு ரத்துதான்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதையும் தன் கையாலேயே தட்டிவிட்டிருக்கிறார். புரூஃப் சாருக்கு முதல் தடவையாகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"ஓனர் என் மனைவிங்க. அவளுக்கு முட்டி வலி. இவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வரமாட்டா. அவ லைசன்ஸ் காப்பி இருக்கு, போட்டோகூட இருக்கு. இதை வெச்சு ஏதாவது செய்யக்கூடாதா? ஒரு கிளட்ச் மிதிக்க முடியாம எட்டு மாசமா கஷ்டப்படறா" என்று காகிதத்தை நீட்டினார். குரல் உடைந்துவிட்டது.

வரிசையில் வண்டிகளை உள்ளே விடுகிற காவலாளி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம மருந்துக் கம்பெனி அக்கா! ஒரு போன் போடுங்க சார், பத்து நிமிஷத்துல வேனை எடுத்துட்டு வந்துடுவாங்க."

"வேனை யாரு எடுத்துட்டு வருவாங்க?"

"அவங்களேதான். டிரைவர் நின்னதுலருந்து எட்டு மாசமா அவங்கதான் ஓட்டறாங்க. இங்க சோதனைக்கும் அவங்கதான் கொண்டு வருவாங்க."

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அது கியர் வண்டி. இவளால கிளட்சைத் தொடவே முடியாது."

"கிளட்செல்லாம் பூ மாதிரி மிதிப்பாங்க சார்" என்று சிரித்தார் காவலாளி. "வேனை ஓட்ட ஒத்துக்கறப்ப ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்களாம், பக்கத்து சீட்டைக் கழட்டிப் போட்டாத்தான் ஓட்டுவேன்னு."